குறை

போர்த்தோ நகரில் மழை பெய்வதில்லை,
ஊறுகிறது.
மேம்பாலத்துக்கடியில்
ஏழு மணிக்கு வந்து நிற்கும் வெள்ளை வேன்.
ஓட்டுபவர் செசினாந்து,
ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே தூங்கத் தெரிந்தவர்.
பின்னால், டியூப்லைட் வெளிச்சத்தில், இதாலினா.
நர்ஸ். ஐம்பத்திரண்டு வயது. இடது முழங்காலில் வீக்கம்.

யாரும் சொல்லாமலே வரிசை உண்டாகும்.
பழைய ஊசியைப் பெட்டியில் போடு,
புதியதை எடுத்துக்கொள்.
சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் மெத்தடோன்.
அவள் கண்ணெதிரிலேயே குடித்துவிட வேண்டும்,
குடித்ததும் ஏதாவது பேச வேண்டும்,
வாயில் அடக்கி வைத்து வெளியே போய்
விற்றுவிடக் கூடாதே என்று.
அதனால்
எல்லாருடைய கதையிலும் ஒவ்வொரு வாக்கியம்
அவளிடம் இருக்கிறது.

"தங்கச்சிக்கு இரட்டைப் பிள்ளை."
"அது பெனால்ட்டிதான், ரெஃப்ரீக்குக் கண்ணில்லை."
"ஷூவுக்குள்ளே தண்ணி."

அபீலியு ஒரு காலத்தில்
வீட்டுச் சுவர்களில் நீலப்பூ ஓடு பதித்தவன்.
எதிர்ச்சுவரில் மூன்றாம் வரிசையில்
ஒரு ஓடு கோணல் என்று
கோப்பையைக் கீழே வைத்ததும்
தினமும் குறை சொல்வான்.
அதுதான் அவன் விழுங்கிவிட்டதற்கு அத்தாட்சி.

இந்தச் சொல்லைத் தமிழில் வைத்துக்கொண்டு
நான் பல நாள் உருட்டியிருக்கிறேன்.
குறை என்றால் பழுது.
குறை என்றால் புகார்.
"குறை வேலையை நாளைக்குப் பார்க்கலாம்" என்னும்போது
மிச்சம்.
அதையே ஏவலாக்கினால்
அடுப்பைக் குறை, சத்தத்தைக் குறை,
உப்பைக் கொஞ்சம் குறை.
யாரும் அணைக்கச் சொல்லவில்லை.
உலை இன்னும் கொதிக்க வேண்டியிருக்கிறது.

டிசம்பரில் லிஸ்பனிலிருந்து ஓர் அதிகாரி வந்தார்,
குடை சொட்ட, கையில் படிவத்தோடு.
கெட்டவர் இல்லை. வரிசையில் நின்ற நாயைக்கூடத் தடவிக்கொடுத்தார்.
"முழுசாக விட்டவர்கள் எத்தனை பேர்?"
ஒரே ஒரு கட்டம் இருந்தது.
"ஒரு நாளைக்கு ஆறு, இரண்டானதை எங்கே எழுத?"
அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் கையெழுத்துக்கு.

அந்த வாரம் அபீலியு வரவில்லை.
ஒரு நாள். இரண்டு. மூன்றாம் நாள்
செசினாந்து தூங்கவில்லை,
ஒற்றை வைப்பரை ஓடவிட்டுச் சாலையையே பார்த்திருந்தார்.
இதாலினா கோணல் ஓட்டைத் தேடினாள்.
எல்லாம் நேராகத்தான் தெரிந்தன.

நான்காம் நாள் வரிசையின் கடைசியில் நின்றான்.
பெட்டியில் ஊசி விழுந்த சத்தம்.
"தப்புப் பண்ணிட்டேன்" என்றான்.
பிறகு, கொஞ்சம் ரோஷத்தோடு,
"ஆனா என் ஊசிதான்.
வேறொருத்தன் அவனோடதை நீட்டினான்,
வாங்கலை."

அவள் சபாஷ் என்று சொல்லவில்லை.
பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
கோப்பையை நீட்டினாள்.
குடித்தான்.
பேசு, என்றாள்.
"அந்த ஓடு" என்றான், "இன்னும் அப்படியே இருக்கு."

நடுராத்திரி வீடு.
கதவு அறையாமலிருக்க
நிலையில் மடித்துச் செருகிய பழைய காலுறை.
தூங்கும் கணவனுக்காக
விளக்கைப் போடாமல்
சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள்.
படிவத்தை விரித்து
கட்டத்தில் பூஜ்யம் போட்டாள்.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
பேனா கொஞ்ச நேரம் நின்றது,
மையில் ஒரு புள்ளி ஊறியது.
அபீலியுவின் பெயரை எழுத அனுமதி இல்லை.
"வாங்கவில்லை" என்று மட்டும் எழுதினாள்.
லிஸ்பனில் யாருக்கும் புரியப்போவதில்லை.

முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு
நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள்.

மறுநாள் வேனில் ஏறும்போது
கைப்பிடியைப் பற்றி ஒரு நொடி நின்றவளிடம்
செசினாந்து கேட்டார்,
"வலி போயிடுச்சா?"
"குறைஞ்சிருக்கு."
அவர் தலையாட்டி, பள்ளங்களைப் பார்த்து
மெதுவாக ஓட்டினார்.