ஒற்றைப்படை

லியேபாயாவில் இப்படி ஒரு வழக்கம்:
உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படையில் பூக்கள்,
இறந்தவருக்கு இரட்டைப்படையில்.
டிராம் ஓட்டிய முப்பத்தொரு வருடமும்
பின்னிருக்கைப் பூங்கொத்தைக் கண்ணாடியில் எண்ணியே
யார் விருந்துக்கு, யார் கல்லறைக்கு என்று
நிறுத்தம் வருமுன் சொல்லிவிடுவேன்.

அதனால், வெல்தா,
உன் பிறந்தநாளுக்கு ஐந்து லில்லி வெட்டினேன்.
இரண்டு முறை எண்ணினேன்.
எல்லாம் வெள்ளை. மழைநீர்த் தொட்டிக்குப் பின்னால்
கடல்காற்று எட்டாத மூலையில் நின்றவை.
இரவெல்லாம் டார்ச்சோடு குனிந்து
நத்தைகளிடமிருந்து நான் மீட்டவை.
வேலிக்கு மேலாக நீட்டினேன்.
நீ முகர்ந்தாய்.
உன் மூக்கு நுனியில் துருநிறத்தில் ஒரு பொட்டு.
சொல்லியிருக்கலாம்.
அது அங்கே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பத்தேகால். ஜூலை வெளிச்சம் இன்னும் வடியவில்லை.
வேலியைத் தட்டினாய்.
உன் கையில் மிக்லிஸ், மூடுபனியின் பெயர் சூடிய பூனை,
அதன் சாம்பல் முதுகில் அதே துரு.
"கடிக்கக்கூட இல்லை, குன்வால்திஸ்.
ஜாடியோரம் உரசிக்கொண்டு போனது.
ஒரு தண்டு ஒடிந்து விழுந்தது.
பிறகு தன்னை நக்கிக்கொண்டது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.
சுத்தமாக இருக்க நினைத்தது.

மருத்துவர் அவுஸ்மா முன்னங்காலில் மயிரை வழித்தாள்.
இதழில் விஷம், இலையில், தண்டில்,
ஜாடித் தண்ணீரிலும் என்றாள்.
"என்ன விஷம்?" என்று கேட்டேன்,
பெயர் தெரிந்தால் சண்டை போடலாம் என்பதுபோல.
"இன்னும் யாரும் பிரித்துக் கண்டதில்லை.
பூனையின் சிறுநீரகத்துக்கு மட்டும் தெரியும்."
நாய் தின்றால் வாந்தியோடு போகுமாம்.
சீனத்தில் ஒருவகை லில்லிக் கிழங்கைச் சூப்பில் போடுகிறார்களாம்.
இதையெல்லாம் ஊசியை ஒட்டிக்கொண்டே சொன்னாள்.
சொட்டு விழத் தொடங்கியது.

போர்வை எடுத்துவர என்னை அனுப்பினாய்.
பதினோரு வருட அண்டை வீடு;
உன் சமையலறைக்குள் அன்றுதான் முதலில் நுழைகிறேன்.
மேசையில், ஒடிந்தது போக,
நான்கு.

வெகுநேரம் நின்றேன்.
பிறகு ஒன்றை உருவினேன். மூன்று.
உருவிய பிறகுதான் உறைத்தது
மூன்றும் அதே பூ என்று.
எல்லாவற்றையும் பையில் திணித்தேன், தண்ணீரைக் கொட்டினேன்,
மேசையை நான்கு முறை துடைத்தேன்.
பூஜ்யம் ஒற்றையா இரட்டையா?
பள்ளியில் அந்தப் பாடத்தன்று
நான் மீன் பிடிக்கப் போயிருந்தேன்.

பூவைத் திட்ட வாய் வரவில்லை.
அது தேனீக்கு எழுதியது.
பூனை பிரித்துப் படித்தது.
வேலி தாண்டிக் கொண்டுவந்து போட்ட
தபால்காரன் நான்.

இரண்டு நாள் உன்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
நீயும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை;
பிளாஸ்கிலிருந்து காப்பியை மட்டும் ஊற்றித் தந்தாய்,
சர்க்கரை போட மறந்து.
மூன்றாம் நாள் காலை அவுஸ்மா மணல்தட்டைத் தூக்கிக் காட்டினாள்,
கோப்பை வென்றவள்போல.
ஈரம். நல்ல மஞ்சள் ஈரம். நாறியது.
பூனை மூத்திரத்தைப் பார்த்து அழுதோம்,
அறுபது தாண்டிய இரண்டு பேர்.

கிழங்குகளை அன்றே தோண்டினேன். நாற்பத்தொன்று.
நாய் வளர்க்கும் பழைய டிராம்காரன் ஏட்வின்ஸ்
வாளியோடு வந்து வாங்கிப்போனான்.
தொட்டிக்குப் பின்னால் குழிகள் இருந்தன,
மழை நிரப்பும்வரை.

இந்த வருடம் உனக்கு
பசுமைக்குடிலிலிருந்து ஐந்து வெள்ளரிக்காய்.
வேலிக்கு மேலாக நீட்டினேன்.
நீ சிரித்தாய். பழக்கத்தில் முகர்ந்தும் பார்த்தாய்.
மூக்கில் ஒன்றும் ஒட்டவில்லை.
மிக்லிஸ் வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தது,
எண்ணுவதுபோல.