பி-2, தூண் நாற்பத்தேழு

ஆறு வருடத்தில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
வாங்கிய விலை, காப்பீடு, இரண்டு பேட்டரி,
எலி கடித்த வயருக்கு ஒரு மாதச் சம்பளம்,
எல்லாம் கூட்டி ஒரு சனிக்கிழமை வகுத்துப் பார்த்தேன்.
ஒரு கிலோமீட்டருக்கு வந்த தொகையில்
பெல்லந்தூரிலிருந்து விமான நிலையத்துக்கே
டாக்சியில் போய்விடலாம்,
டிரைவருக்குக் காபியும் வாங்கிக் கொடுத்து.

வாங்கிய அன்று எலுமிச்சை மஞ்சள்.
அடித்தளத்துக் குழல்விளக்கின் கீழ்
இப்போது மஞ்சள் காமாலை.

ஞாயிறு நாலரைக்கு எழுந்தால்
இந்த ஊர் ஒரு சாலை தரும்,
ஆறு மணிக்குத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.
ஒருமுறை எழத் தாமதமாகி
கூரையைத் திறந்தபடி சில்க் போர்டில் நின்றேன்.
பக்கத்துப் பேருந்தின் சன்னலிலிருந்து
ஒரு பள்ளிப் பையன்
நாற்பது நிமிடம்
என் வகிட்டின் நரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதிரவேல் விற்கவும் சொன்னதில்லை,
ஏறி உட்கார்ந்ததும் இல்லை.
கேட்டால், முதுகு.

மடிக்கேரியிலிருந்து வந்தார் நிஹால் பெல்லியப்பா,
முப்பது வயதிருக்கும், சொந்த டார்ச்சோடு.
தரையில் மல்லாந்து படுத்து அடிவயிற்றைப் பார்த்தார்.
எழுந்து டயரைத் தடவினார்.
நின்று நின்று ஒரே இடத்தில் தட்டையானதை
அவர் விரல் கண்டுபிடித்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
படுக்கைப் புண்ணை மருத்துவர் பார்த்துவிட்ட வீட்டாள் போல
நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் ஓட்டினார்.
இடப்பக்க இருக்கையில் நான், முதல் தடவை.
அந்தத் தோலில் இன்னும் ஷோரூம் வாசனை.
வாசல் வேகத்தடையில் என்ன செய்வார் என்று
மூச்சைப் பிடித்திருந்தேன்.
மூலைவாட்டில் ஏற்றினார்,
ஒரு சக்கரம், அப்புறம் ஒரு சக்கரம்,
புடவைக்காரி பரிசலில் கால் வைப்பது போல.
அதைக் கற்க எனக்கு
இரண்டு முறை பம்பர் உடைய வேண்டியிருந்தது.

சர்ஜாபூர் சாலையில் பதினோரு மணிக்கு
இரண்டாவது கியருக்கு மேல் வேலையில்லை.
அதிலும் அவர் முகம்
ஒரு பிடி எள்ளுருண்டை கிடைத்த பிள்ளையாய் இருந்தது.

விலை சொன்னேன். சரி என்றார்.
ஒரு ஐம்பதாயிரம் குறைக்கச் சொல்லியிருந்தால்
கோபப்பட்டு
அப்போதே சாவியைக் கொடுத்திருப்பேன்.

ஏன் விற்கிறீர்கள் என்றார்.
ஓட்ட நேரமில்லை என்றேன்.

சொல்லாதது:
இரவு பத்தரைக்குக் குப்பைப் பையோடு இறங்குவேன்.
குப்பையைப் போட்டுவிட்டு பி-2வுக்கு.
கதவை இழுத்தால் ஒரு கனத்த சத்தம்,
நெல் மூட்டையை இறக்கி வைத்த மாதிரி.
எஞ்சினை எழுப்புவதில்லை.
அங்கே சிக்னல் வராது.
அமெரிக்காவுக்கு அப்போதுதான் விடியும்,
என்னை எழுப்ப முடியாது.
ஸ்டியரிங்கில் இரண்டு கை,
எதிரே தூண், அதில் பெயின்ட் உதிர்ந்த 47.
இருபது நிமிடம்.
சில நாள் நாற்பது.
எங்கெங்கோ போயிருக்கிறேன், சொன்னால் நம்பமாட்டார்கள்.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில்
அது எதுவும் ஏறவில்லை.

திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.
இன்று வியாழன்.
மூன்று முறை அழைத்திருக்கிறார்,
இரண்டு முறை நான் பி-2வில் இருந்தேன்.

காலையில் ஹனுமந்தப்பா
நேற்றுத் துடைத்த அதே தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
மாதம் அறுநூறு, ஓடாத வண்டிக்கும் அதே கூலி.
துணியைப் பிழிந்தபடி
"மாரிபிட்ரா, மேடம்?" என்றார்.
கையை ஒரு மாதிரி அசைத்தேன்.
விற்கவில்லை என்றா, தெரியவில்லை என்றா,
எனக்கே விளங்காத சைகை.
கண்ணாடியையும் துடைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு
வாளியோடு
மறுபக்கம் போனார்.