கடைசி விலை

பரதராமி செக்போஸ்ட் டீக்கடை.
பெஞ்சில் நான்,
எனக்கு முதுகுகாட்டி இன்னொருவர்.
ஆளுக்கொரு போன்.

ஷார்ஜாக்காரன் கேட்கிறான்:
கிளிமூக்கு மாங்கூழ், ஒரு கண்டெய்னர்,
கடைசி விலை?
டன்னுக்கு எண்ணூற்று இருபது டாலர் என்றேன்.
சித்தூர் சப்ளையர் எண்ணூற்றுப் பத்தாம்.

எண்ணூறு என்றேன்.
முதுகுக்குப் பின்னால் ஒரு 'டிங்'.
யாரோ தட்டுகிற சத்தம்.
என் போன் அதிர்ந்தது:
எழுநூற்றுத் தொண்ணூறு.

யாரடா அது?
அவன் பக்கத்தைத் திறந்தேன்.
பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக்.
படத்தில் நீல டிரம்கள்,
ஓட்டைத் தகரம்,
மூலையில் சாய்ந்து நிற்கும்
என் டிவிஎஸ் எக்ஸெல்.

போன ஆனியில் பூட்டிய ஷெட்.
சாவி என் இடுப்பில்.

திரும்பினேன்.
மைத்துனர் வெங்கடமுனி
டீயை ஊதிக்கொண்டே
இன்னும் பத்து டாலர் குறைக்கலாமா என்று
யோசித்துக்கொண்டிருந்தார்.

"மாமா," என்றார் அசடு வழிய,
"உன்கிட்ட கூழு இருக்கா?"