பதினைந்தே முக்கால் மாடு

காப்பீட்டுக் கம்பெனி என்னை அனுப்பியது
எண்ணிவரச் சொல்லி.
எண்ணினேன்: நாற்பத்தைந்து.
பிரீஸ்லாந்தின் மார்ச் மழையும்
தகரக் கூரைமேல் என்னோடு எண்ணியது,
அதற்கு மட்டும் கணக்கு முடியவில்லை.

வீப்கியே டெர்ப்ஸ்ட்ரா அழவில்லை.
காதுவில்லைகளைத் திருப்பித் திருப்பிப்
பெயர் சொன்னாள்.
ஹேர்ட்யே அறுபத்து மூன்று.
ஆல்கே பன்னிரண்டு.
இது யான்னா, தாழ்ப்பாளை நாக்கால் திறப்பாள்.
என் படிவத்தில் பெயருக்குக் கட்டம் இல்லை.
வயது, எடை, கறவை, சந்தை விலை.

தீவனம் கலந்தது இயந்திரம்.
எவ்வளவு தாமிரம் என்று
தானே கற்று, தானே முடிவுசெய்தது.
தாமிரம் வறண்ட ஏதோ தூரத்து மேய்ச்சல் நிலத்தில்
ஆயிரம் மந்தைகளைப் பார்த்துப் பழகியதாம்.
அங்கே அது மருந்து.
இங்கே ஈரல் கெட்டு
சிறுநீர் காப்பி நிறத்தில் போனது.
எல்லாம் அடங்கிய காலையிலும்
அவள் கைபேசிக்குச் செய்தி வந்தது:
"இன்றைய ஊட்டம் சரியாக உள்ளது."

லீவார்டன் உரிமையியல் நீதிமன்றம்.
பறிகொடுத்தவர் இழுக்க
வாசலில் மணி ஏதும் தொங்கவில்லை.
எண் அச்சிட்ட சீட்டு தந்தார்கள்.

தயாரித்தவர் சொன்னார்:
ஒரு வரியிலும் பிழையில்லை, அது அப்படிக் கற்றுக்கொண்டது.
கற்பித்தவர் சொன்னார்: தரவு விலைக்கு வாங்கியது.
விற்றவர்: நான் பெட்டியைத்தான் விற்றேன்.
உணரி செய்த நிறுவனம் திவாலாகி
நாற்காலிகள்கூட ஏலம் போயிருந்தன.
பிறகு எல்லா விரல்களும் மெல்லத் திரும்பி
ஒரு விரலைச் சுட்டின.

பிப்ரவரி ஒன்பது, இரவு 11.40.
புதிய பதிப்பு. நாற்பத்தோரு பக்கம்.
"ஒப்புக்கொள்கிறேன்."

அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

கன்று இழுத்துக்கொண்டிருந்தேன்.
முன்னங்கால் இரண்டும் வந்துவிட்டன, தலை வரவில்லை.
திரை விடாமல் கூவியது.
பனிக்குட நீரில் விரல் வழுக்கி
இரண்டு முறை பதியவில்லை.
மூன்றாவது முறை பதிந்தது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறித்துக்கொண்டார்:
மூன்று முறை ஒப்புக்கொள்ள முயன்றிருக்கிறார்.

தயாரிப்பாளர் மேல் அறுபத்தைந்து சதவீதம்,
படிக்காமல் அழுத்திய உரிமையாளர் மேல் முப்பத்தைந்து.
நல்ல தீர்ப்பு.
தெரிந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.
கேட்டால் நானும் அதையே சொல்வேன்.

படியிறங்கும்போதே மனக்கணக்குப் போட்டுவிட்டாள்.
பதினைந்தே முக்கால், என்றாள்.
நான் கொன்றது.
எந்தப் பதினைந்து என்று
உங்கள் பட்டியலில் குறித்துக்கொடுங்கள்.
யான்னா வேண்டாம்.

பேனாவை எடுத்தேன். மூடிவைத்தேன்.
பார்க்கிங் சீட்டு நேரம் முடியப்போகிறது என்று
ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு கோப்பை முடிக்கையில்
என் சமையலறை விளக்கடியில்
மூன்று காலில் ஒன்று வந்து நின்றது.
கத்தவில்லை.
நாலாவது எங்கே என்று
மேசைக்கடியில் மோந்து தேடிக்கொண்டிருந்தது.