ஏழு, மூன்று, ஒன்பது

அறுநூற்று நாற்பது வெள்ளி.
பலகை ஆலை மூடிக்கிடந்த மூன்று மாதமும்
அரிசி, மைலோ, கேஸ், சின்னவளுக்குப் பேம்பர்ஸ் என்று
ஹோய் சின் கடையின் நீல நோட்டில்
என் பெயருக்குக் கீழே வளர்ந்த தொகை.

"காசு வேணாம் ரேணு. மேசை செஞ்சு குடு."

இரும்புச் சுருள்கதவு வந்தபின்
கடையின் பழைய பலகைக் கதவுகள்
பின்கட்டில் கோழிக்கூண்டோடு சாய்ந்து நின்றன.
மெர்பாவ் மரம்.
ஒவ்வொன்றின் முதுகிலும்
அவள் மாமனார் கை எழுதிய சீன எண்,
ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை.

சுங்காயில் சனிக்கிழமை மதியம்
செம்பனை லோரிகள் போனபின் தெரு அடங்கும்.
மோட்டாரை வெளியே தள்ளிவிட்டு
போர்ச்சில் பலகைகளைப் பரப்பினேன்.
எண் பார்க்கவில்லை. ரேகை பார்த்தேன்.
ஏழின் ஓரத்தில் வளைந்து போன கோடு
மூன்றில் வந்து நிமிர்ந்தது.
மூன்றின் கண்ணுக்குப் பக்கத்தில்
ஒன்பது ஒட்டி உட்கார்ந்தது.
பதினொன்றையும் பன்னிரண்டையும்
அறுத்து, இரட்டித்து, கால்களாக்கினேன்.

இழைப்புளி போகப் போகச் சுருள் சுருளாய்
முதலில் தெருப்புழுதி,
பிறகு யாரோ ஒட்டிய தேர்தல் தாளின் பசை,
அப்புறம்தான் மரம்.

நடுவில் ஒரு பூ பதிக்க ஆசை.
மங்குஸ்தீனைக் கவிழ்த்தால் தெரியுமே,
அந்த ஆறிதழ்.
இதழுக்கு, ஆலையில் நானே கழித்துப்போட்ட பால்மரம்.
வெட்டிய மரம் மருந்து காணாமல் சில நாள் கிடந்தால்
பூஞ்சை ஏறி நீலம் பாய்ந்துவிடும்.
தரம் பிரிப்பது என் வேலை.
நீலம் கண்டால் சிவப்புச் சாக்குக்கட்டியால் ஒரு கோடு,
நேரே அடுப்புக்கு.
ஒரு ஷிஃப்டில் எத்தனை கோடு போடுகிறேன்
மழைக்கு முந்தின வானத்தின்மேல்.

கத்திமுனையால் கீறி
உளியால் மூன்று மில்லி பள்ளம்.
ஐந்தாம் இதழ் கொஞ்சம் தளர்ந்துவிட்டது,
தலைமுடி நுழையும் இடைவெளி.
மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன்.
என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.
இப்போது உங்களுக்கும்.

மெர்பாவுக்கு ஒரு குணம்,
தண்ணீர் பட்டால் செஞ்சாயம் கக்கும்.
அரக்குப் பூச்சுக்கு முந்தின இரவு
சாரல் திசைமாறி அடித்தது.
பழைய நைட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள்
ஒரு இதழின் நுனியில் சிவப்பு ஏறியிருந்தது.
சுரண்டினேன், போகவில்லை.
பழுக்கத் தொடங்குகிற இடம் என்று வைத்துக்கொள்வோம்.
அதன்மேலேயே ஆறு கை பூசினேன்,
நடுநடுவே மணல்தாள் தேய்த்து.

ஹோய் சின் பூவைப் பார்க்கவே இல்லை.
விழுந்த காசைத் தேடுகிறவளைப்போல் குனிந்தாள்,
மேசைக்கு அடியில்.
"தப்பு," என்றாள்.
"ஏழுக்குப் பிறகு மூணு வராது."

முப்பத்தொரு வருஷம், விடியுமுன் ஐந்தரைக்கு,
பாதித் தூக்கத்தில்
வரிசை பிசகாமல் பலகை பொருத்திய கை அது.
"ரேகை அப்படித்தான் சேருது, தவுக்கேசோ."

காற்றாடி சுற்றியது.
ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவே நகத்தை ஓட்டினாள்.
தட்டவில்லை.
மறுபடி ஓட்டினாள்.
பிறகு நோட்டை எடுத்து, எழுதாத பேனாவை உதறி உதறி
அறுநூற்று நாற்பதின்மேல் ஒரு கோடு.
சிவப்பு.

திங்கட்கிழமை உப்பு வாங்கப் போனேன்.
மேசைமேல் முட்டைத்தட்டு, பெலாச்சான், பழக்கூடை.
பள்ளிச்சட்டைப் பையன் ஒருவன்
மங்குஸ்தீன் ஒன்றைக் கவிழ்த்து எண்ணினான், ஐந்து.
கூடையை நகர்த்தி மேசையை எண்ணினான், ஆறு.
"இது ஒரு கிலோ எவ்வளவு?"
அவள் தலை நிமிராமல் விரட்டினாள்.

என் சில்லறை மீதியை மேசைமேல் வைத்தாள்,
சரியாக ஏழும் மூன்றும் சேருமிடத்தில்
என்று நினைக்கிறேன்.
மேலிருந்து பார்த்தால் தெரியாது.