மூன்று யூரோ

வெள்ளவத்தையில் ரெயில் போனபின்
தண்டவாளம் கொஞ்சநேரம் நடுங்கும்.
அதைத் தாண்டிக் கற்களில் இறங்குகிறேன்.
சப்பாத்துக்குள் இன்னும் அந்த ஊர்ச் சுண்ணாம்புத்தூள்.

போன செவ்வாய் இந்நேரம்
வேறொரு கடலுக்கு மேலே நின்றேன்.
ஊர் முழுக்கப் படிகள்.
மத்தியானம் ஒன்றரைக்குக் கதவெல்லாம் சாத்தி
பூனைகளிடம் தெருவை ஒப்படைத்துவிடுகிறார்கள்.
கீழே ஒலிவ் தோப்பு;
காற்றடித்தால் இலை புரண்டு
மீன்வயிறு காட்டும்.
எலுமிச்சை பிடுங்கிக்கொண்டிருந்தவன் சில்ஹெட்காரன்.
என் நிறத்தைப் பார்த்துக் கையசைத்தான்.

முனையில் ஒரு கோபுரம்.
ஏற மூன்று யூரோ.
"கடலால் வருகிறவர்களுக்குப் பயந்து கட்டியது"
என்றாள் சீட்டுக் கிழித்த கொன்செத்தா,
ஐந்நூறு வருசப் பயத்தை
தக்காளி விலை சொல்வதுபோல.
துவாரத்தில் கண் வைத்தேன்.
தூரத்தில் ஒரு படகு.
மீனுக்கா, ஆட்களா, தெரியவில்லை.
பின்னால் ஒரு ஜெர்மன் குடும்பம் காத்திருந்தது.

இங்கே, இந்தக் கல்லுக்குப் பக்கத்தில்
மண்மூட்டைக் காவலரண் ஒன்று இருந்தது.
கடலைக் காக்க வந்ததுதான்;
கரையைத்தான் கூடப் பார்த்தது.
டியூஷன் விட்டு வருகையில்
அடையாள அட்டையைப் பல்லில் கவ்வியபடி
கொப்பிப் பையைத் திறந்து காட்டுவோம்,
நானும் தர்மினியும்.
ஒருநாள் என் ஜொமெட்ரிப் பெட்டியின் கவராயத்தை
நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான் ஒருவன்.
அவனுக்கும் பத்தொன்பது வயசிருக்கும்.

எப்போது கழற்றினார்கள், நினைவில்லை.
சீமெந்துத் தளம் மட்டும் மிச்சம்.
அதில் குடை விரித்து ஒருவர் மாங்காய் வெட்டுகிறார்,
உப்பு வேறு, மிளகாய்த்தூள் வேறு.

நூறு ரூபா நீட்டி,
இதில் ஏறி நிற்கலாமா என்று கேட்டேன்.
"நில்லுங்க மிஸ்," என்றார்,
"சுடும், பாத்து."