ராணியின் வள்ளம்

குலசேகரத்தில் மழை பெய்தால் பால்வெட்டு இல்லை.
பால் இல்லையென்றால் ஷீட் இல்லை,
ஷீட் இல்லையென்றால் என் தராசுக்கு வேலை இல்லை.
முதலாளி செய்தித்தாளால் முகத்தை மூடித் தூங்குவார்.
அப்படிப்பட்ட நாட்களில்தான்
ஒரு நாட்டைத் தீவைத்துக் கொளுத்தினேன்,
இரண்டு பேருக்கு முடி சூட்டி
ஒருத்தியிடமிருந்து பிடுங்கினேன்,
ஒரு மலைக்குப் பெயர் வைக்காமலே விட்டேன்.

எல்லாம் கொள்முதல் பேரேட்டின் பின்பக்கம்.
முன்பக்கம்: நாலாம் தரம், நூற்றுப் பன்னிரண்டு கிலோ,
ஈரக் கழிவு இரண்டு.
பின்பக்கம்: மந்திரவாதி ஈரத்தைக் கழித்துவிட்டு
மேகத்தை எடை போட்டான்.
ஆடிட்டர் ஒருமுறை பக்கம் தவறிப் புரட்டி
"இது எந்த வருசத்துக் கணக்கு?" என்றார்.

உனக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது
என்று கேட்கிறார்கள்.
விடியக்காலம் மூன்றரைக்கு ஜன்னலைத் திறந்தால்
எதிர்க் குன்றில்
நெற்றியில் விளக்குக் கட்டியவர்கள் நிற்கிறார்கள்.
உடம்பு தெரியாது.
வெளிச்சம் மட்டும் குனியும், நிமிரும்,
அடுத்த மரத்துக்கு நகரும்.
போன இடமெல்லாம் ஒரு காயம் திறந்து
சிரட்டையில் வெள்ளையாய்ச் சொட்டும்.
இதற்குமேல் நான் என்ன கற்பனை செய்ய?
ஆட்களை எடுத்துவிட்டு
வெளிச்சங்களை வைத்துக்கொண்டேன்.
முதல் பாகம் அப்படித்தான் தொடங்குகிறது.

அரக்கனுக்கு உருவம் கூடிவரவே இல்லை.
வாடை மட்டும் கொடுத்தேன்:
நான்கு நாள் மழையில் ஊறிய ஒட்டுப்பால்.
இங்கே யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.
சென்னையிலிருந்து ஒருவர்
அடிக்குறிப்பு போடச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

சீட்டு எடுத்த நாற்பதாயிரம்
சிவகாசி போய் இருநூறு புத்தகமாகத் திரும்பியது.
அட்டைப்படம் ஃப்ளெக்ஸ் கடை விஜின்.
பறக்கும் பாம்பு கேட்டேன்,
வார்டு வேட்பாளரின் மீசையோடு வந்தது.
பதிப்பாளர் நான். விற்பனை மேலாளர் நான்.
கிட்டங்கி கட்டிலுக்கு அடியில்.
இரண்டாம் பாகத்தில் இன்னும் நூற்று நாற்பத்தொன்று இருக்கிறது;
புரண்டு படுத்தால் முதுகில் முட்டுகிறது.

ஒரு வியாழன், ஷீட் கட்டை இறக்கி வைத்துவிட்டு
கிளாடிஸ் போகாமல் நின்றாள்.
முந்நூறு மரம் வெட்டுகிறவள்.
பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்தாள்,
ஓரமெல்லாம் பால்கறை.
"எண்பத்தேழாம் பக்கத்துல ஆறு வத்திப் போச்சில்லா?"
"ஆமா."
"பின்ன எப்பிடி ராணி வள்ளத்துல போனா?"

தராசு முள் ஆடிக்கொண்டிருந்தது.
நான்கு முறை பிழைதிருத்தம் பார்த்தவள் நான்.
"அது மூணாம் பாகத்துல வரும்" என்றேன்.
மூன்றாம் பாகம் என்று ஒன்று
அந்த நிமிடம்வரை உலகத்தில் இல்லை.

பதினோரு இரவு வள்ளத்தைக் கரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பனியை உருக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை.
ராணியை அழவைத்துப் பார்த்தேன்,
கண்ணீரில் முழங்கால்கூட நனையாது.

ஞாயிறு ஆராதனை முடிந்து
நாகர்கோவில் மைனி குடும்பத்தை
மாத்தூர் தொட்டிப்பாலம் காட்டக் கூட்டிப்போனேன்.
எத்தனையாவது தடவையோ.
விருந்தாளி வந்தால் எல்லாரும் செய்வதுதான்.
மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசிக் கீற்றோடு
பாதி தூரம் நடந்தபோது
இடுப்பளவு தொட்டிக்குள்
ஒரு ஒற்றைச் செருப்பு மிதந்து போனது.
எட்டிப் பார்த்தேன்.
கீழே, நூறடிக்கும் கீழே, பறளியாறு.
ஆற்றுக்கு மேலே தண்ணீர்,
மலையிலிருந்து மலைக்கு,
தூண்களின் தோளேறிப் போய்க்கொண்டிருந்தது.
மைனி பேசிக்கொண்டே வந்தாள்.
அன்னாசிச் சாறு முழங்கைவரை வழிந்தது எனக்கு.

ஆறு வற்றவில்லை, கிளாடிஸ்.
மேலே ஏறிவிட்டது.

மூன்றாம் பாகத்தின் கையெழுத்துப் பிரதியை
அவளுக்குத்தான் முதலில் கொடுத்தேன்.
பத்து நாள் கழித்து வந்தாள்.
"வள்ளம் போனது செரி, கொள்ளாம்."
நான் பில் எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.
"கூட ஒத்தச் செருப்பு ஒண்ணு ஒழுகிப் போகுதே,
அது யாருக்க?"

எனக்குத் தெரியாது.
பார்த்ததை அப்படியே எழுதியிருந்தேன்.
வெளியே தகரத்தில் தூறல் தட்டத் தொடங்கியது.
முதலாளி செய்தித்தாளைத் தேடினார்.